குட்டிக் குழந்தையோடு தீம் பார்க்: வரிசை, உயரம், உறக்கம்

நான்கு வயது மகளோடு தீம் பார்க் போய் வந்தோம் என்றதும் நண்பர்கள் பலரும் கேட்டது, மொத்தம் எத்தனை ரைடுகளில் ஏறினீர்கள் என்றுதான். சிறு குழந்தையோடு போகிறவர்களுக்கு அந்தக் கணக்கு பெரிதாக உதவாது. எதன் முன்னால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும், அவ்வளவு நேரம் நிற்கக் குழந்தைக்குப் பொறுமை இருக்குமா என்பதை வைத்தே அந்த நாளைத் திட்டமிட வேண்டும்.

ரோலர் கோஸ்டர்களில்தான் கூட்டம் நெரியும், குழந்தைகளின் ராட்டினங்கள் காலியாக இருக்கும் என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. சிறுவர்களுக்கான ரைடுகள் பல, ஒரு நேரத்தில் கொஞ்சம் பேரை மட்டுமே ஏற்றக்கூடியவை. கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்த 1955-ஆம் ஆண்டிலேயே அங்கு வந்துவிட்ட ‘டம்போ’ பறக்கும் யானை ராட்டினத்தில் இப்போது 16 யானைகள் இருக்கின்றன. சுற்றும் நேரம் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. ஆனால் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ராட்டினத்தை முழுவதுமாக நிறுத்தி, இறங்க மனமில்லாத குழந்தைகளை இறக்கி, அடுத்தவர்களை ஏற்றி, எல்லோரும் சரியாக அமர்ந்திருக்கிறார்களா என்று பார்த்த பிறகே மீண்டும் சுழல விட முடியும். அதனால்தான் அந்த வரிசை அவ்வளவு மெதுவாக நகர்கிறது. 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக உருவாக்கப்பட்டு 1966-இல் டிஸ்னிலேண்டுக்கு வந்துசேர்ந்த ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’ படகுச் சவாரி இதற்கு நேர்மாறானது. படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருப்பதால், வரிசை வாசல்வரை நீண்டிருந்தாலும் ஓரிடத்தில் நிற்பதில்லை; உள்ளே போனால் பத்து நிமிடங்களுக்கு மேல் உட்கார்ந்தும் இருக்கலாம். எந்தப் பூங்காவானாலும் இதே கணக்குதான்: நின்று ஏற்றும் ராட்டினங்களைக் காலையில் கதவு திறந்ததும் முடித்துவிட்டு, படகு, ரயில் போன்று தொடர்ந்து ஓடுபவற்றைக் கூட்டம் மிகுந்த நேரத்துக்கு ஒதுக்கிவைப்பது நல்லது. காத்திருப்பதைச் சுலபமாக்கப் பூங்காக்களும் முயலாமல் இல்லை. ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னி பூங்காவான மேஜிக் கிங்டத்தில் 2012-இல் டம்போவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு டம்போவை நிறுவி, காத்திருக்கும் இடத்தில் குழந்தைகளுக்கு விளையாட்டுக் கூடமும் அமைத்தார்கள். பெற்றோரின் நிலை அறிந்த யாரோ யோசித்த ஏற்பாடு அது.

அடுத்தது உயரம். மேஜிக் கிங்டத்தின் ‘ஸ்பேஸ் மவுண்டன்’ கோஸ்டருக்குக் குறைந்தது 112 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். குழந்தையின் துணிச்சலுக்கும் இந்த அளவுக்கும் தொடர்பில்லை. மடியின் மேல் இறங்கும் கம்பியோ தோள்பட்டையைப் பிடிக்கும் கவசமோ உடலோடு சரியாகப் பொருந்தினால்தான், வண்டி திடீரென்று திரும்பும்போதும் இறங்கும்போதும் ஆள் நழுவாமல் இருக்க முடியும். தடிமனான அடிப்பாகமுள்ள காலணியை மாட்டிவிட்டு அளவுகோலை ஏமாற்றலாம் என்று சிலர் வெளிப்படையாகவே யோசனை சொல்கிறார்கள். எனக்கு அது கேட்கவே பிடிக்காத யோசனை. வீட்டிலேயே அளந்து பார்த்து, எவற்றில் ஏற முடியாது என்பதைக் குழந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், வாசலில் ஊழியர் மறுக்கும்போது வரும் அழுகை பாதியாகக் குறையும். பெற்றோரும் எதையும் இழக்க வேண்டியதில்லை. ஒருவர் குழந்தையோடு வெளியே இருக்க மற்றவர் போய்வந்து, பிறகு வெளியே இருந்தவர் மறுபடி முழு வரிசையிலும் நிற்காமல் ஏறிக்கொள்ளும் வசதி பெரிய பூங்காக்கள் பலவற்றில் உண்டு. வரிசைக்குள் நுழையும் முன்பே ஊழியரிடம் இதைக் கேட்டுவிட வேண்டும்.

பயம் எங்கிருந்து வரும் என்பதை மட்டும் எந்த அளவுகோலும் சொல்லாது. உயரத்தில் சுழலும்போது கைகொட்டிச் சிரித்த என் மகள், கைகுலுக்க வந்த பெரிய தலை பொம்மையைக் கண்டதும் அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அப்போது புகைப்படத்துக்காகக் குழந்தையை முன்னே தள்ளாமல், பத்தடி தள்ளி நின்று மற்றவர்கள் கைகுலுக்குவதை அவள் வேண்டிய மட்டும் பார்க்க விட்டோம். பிறகு தானாகவே கையசைத்தாள். இருட்டுக்குள் செல்லும் ரைடுகளும் அப்படித்தான். வெளிப்புறம் வண்ணமயமாக இருந்தாலும் உள்ளே இடிச் சத்தமும் திடீர் வெளிச்சமும் இருக்கலாம் என்பதால், பெரியவர்களில் ஒருவர் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வருவது வீண் வேலையல்ல. (கழிப்பறையில் ஆள் எழுமுன்னே தானாகத் தண்ணீர் பீய்ச்சும் கருவி எந்த டிராகனையும்விட அவளை அதிகம் மிரட்டியது.)

எடுத்துச்செல்ல வேண்டியவை பற்றி நிறையச் சொல்வதற்கில்லை: மாற்றுடை, தண்ணீர், தொப்பி, தொலைபேசி எண் எழுதிய கைப்பட்டை. காலையில் கிளம்பும்போதே குழந்தையை அன்றைய உடையில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், கூட்டத்தில் பிரிய நேர்ந்தால் ஊழியரிடம் காட்ட உதவும். வீட்டருகே தள்ளுவண்டியே வேண்டாம் என்று நடக்கும் குழந்தைக்கும் இங்கே அது தேவைப்படும். அதன் அளவை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் 79 சென்டிமீட்டருக்கு மேல் அகலமோ 132 சென்டிமீட்டருக்கு மேல் நீளமோ உள்ள வண்டிகளுக்கு 2019 முதல் அனுமதியில்லை.

நடுப்பகலில் நாங்கள் அறைக்குத் திரும்பி அவளைத் தூங்க வைத்தோம். செலவு செய்து வந்துவிட்டு மத்தியான நேரத்தை உறக்கத்தில் கழிப்பதா என்று வீட்டுப் பெரியவர்கள் முணுமுணுத்தார்கள்; வெயிலும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும் அந்த வேளையைத்தான் விட்டுக்கொடுக்கிறோம் என்று விளக்கியும் அவர்கள் முழுதாக ஒப்பவில்லை. ஆனால் மாலையில் திரும்பி உள்ளே போனபோது, மற்ற குடும்பங்கள் அழும் பிள்ளைகளைத் தோளில் சுமந்து வெளியே வந்துகொண்டிருக்க, எங்கள் மகள் காலையில் ஏறிய அதே குதிரை ராட்டினத்தில் மறுபடியும் ஏற வேண்டும் என்று முன்னால் ஓடினாள். புதிதாக வேறொன்றைப் பார்க்கலாமே என்று நான் சொல்லவில்லை.