ஊனமுற்ற படைவீரனுக்காக மனைவி போட்ட மனு

மன்னர் படைக்கும் நாடாளுமன்றப் படைக்கும் நடந்த இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் (1642–1651) காயம்பட்டவர்களுக்கு உதவி கேட்டுப் போட்ட மனுக்கள் அந்நாட்டுக் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஆவணக் காப்பகங்களில் இன்றும் இருக்கின்றன. மனைவியர் போட்டவையும் அவற்றில் உண்டு. படுக்கையில் கிடப்பவனால் பயணம் போக முடியாது. ஆண்டுக்கு நான்கு முறை சமாதான நீதிபதிகள் கூடும் காலாண்டு அமர்வுக்கு அவள்தான் போயாக வேண்டும்.

அவளுக்கு இரண்டு வழிகள் இருந்தன. முதலாவது, கவுண்டி தரும் ஓய்வூதியம். இதற்கான சட்டம் 1593-இல் வந்தது. 1601 சட்டப்படி ஒவ்வொரு பாரிஷும் (ஒரு தேவாலயத்தைச் சுற்றிய ஊர் நிர்வாகப் பகுதி) வாரம் 2 முதல் 10 பென்ஸ் வரை இதற்கென்றே வரி கட்ட வேண்டும். சாதாரணச் சிப்பாய்க்கு உச்சவரம்பு ஆண்டுக்கு 10 பவுண்டு. கைக்கு வந்தது அதில் ஒரு சிறு பங்குதான். ஆண்டுக்கு 40 ஷில்லிங் (2 பவுண்டு, அதாவது 480 பென்ஸ்) கிடைத்தால் வாரத்துக்கு 9 பென்ஸ், ஏறக்குறைய ஒரு கூலியாளின் ஒருநாள் கூலி. இரண்டாவது வழி, ஏழைகள் சட்டப்படி சொந்த பாரிஷில் கேட்பது. அங்கே ஏழைகளுக்கு உதவி வழங்கும் மேற்பார்வையாளர் கைவிரித்தால் மறுபடியும் நீதிபதிகளிடம்தான் போக வேண்டும்.

மனுவைப் பெரும்பாலும் எழுத்தர்தான் எழுதுவார். பணிவான தொடக்கமும் முடிவும் அவருடைய வழக்கமான வாசகங்கள். நடுவில் வரும் விவரம் அவளுடையது: எந்தக் கேப்டனின் கீழ், எந்தப் போரில், உடலில் எங்கே அடி, எத்தனை குழந்தைகள், எதையெல்லாம் விற்றாயிற்று. ‘காயம்பட்டான்’ என்று மட்டும் சொன்னால் போதாது. வலக்கை விரல்கள் போனதால் தறியில் உட்கார முடியவில்லை என்று எழுதினால்தான், பிழைப்பு எப்படிப் போனது என்பது நீதிபதிக்கு விளங்கும். அந்தத் தாளின் அடியிலோ பின்பக்கத்திலோ ஓரிரு வரியில் தீர்ப்பு இருக்கும்.

சிக்கல் பெரும்பாலும் சான்றிதழில் வரும். கேப்டன் கையெழுத்திட வேண்டும். அவரே போரில் செத்திருந்தால் வேறு அதிகாரி, உடன் போரிட்டவர்கள், பாதிரியார், அக்கம்பக்கத்தார் என்று ஒவ்வொருவரையும் தேடிப் பிடிக்க வேண்டும். போலிச் சான்று என்று தெரிந்தால் ஓய்வூதியம் போகும், தண்டனையும் உண்டு. இன்னும் கொடுமை என்னவென்றால், ஓய்வூதியக்காரன் பிச்சையெடுத்துப் பிடிபட்டால் அதை நிரந்தரமாக இழப்பான். வாரம் 9 பென்ஸில் ஒரு குடும்பம் எப்படிப் பிழைக்கும் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் யோசித்ததாகவே தெரியவில்லை.

போரில் தோற்று ஒழிந்த மன்னராட்சி 1660-இல் திரும்பியதும் நிலைமை தலைகீழானது. 1662-இன் புதிய சட்டம் மன்னருக்காகப் போரிட்டவர்களுக்கு மட்டுமே. நாடாளுமன்றப் படையினரின் ஓய்வூதியங்கள் நிறுத்தப்பட்டன. அதே காயம், அதே வறுமை, ஆனால் கவுண்டியின் கதவு அடைபட்டது. அந்த மனைவிக்கு மிஞ்சியது பாரிஷ் மட்டும். அங்கே எந்தப் பக்கம் நின்றான் என்பதைவிட, எந்த ஊர்க்காரன் என்பதே முதல் கேள்வி. அதே 1662-இல் வந்த குடியிருப்புச் சட்டம், பாரமாகிவிடுவார்கள் என்று தோன்றும் புதியவர்களை 40 நாளுக்குள் புகார் செய்து வெளியேற்ற இடம் கொடுத்தது. கணவனின் பாரிஷே மனைவிக்கும் பாரிஷ். ஆகவே அவனைக் கூட்டிக்கொண்டு அவள் பிறந்த ஊருக்கே திரும்பினாலும், அந்த ஊர் மேற்பார்வையாளர் மறுத்தால் சட்டம் அவர் பக்கம்தான் நின்றது.