டார்க் கழித்த பிறகு முளைத்த கருப்புக் குழிகள்

ஓரியன் நெபுலா. 45 லைட் (வானத்தை எடுத்த படங்கள்), தலா 120 விநாடி, ஐஎஸ்ஓ 800. கேனான் 600டி, 200 மிமீ லென்ஸ், வானம் சுழலும் வேகத்தில் கேமராவைத் திருப்பும் ஸ்டார் டிராக்கர். நட்சத்திரத்தைப் பார்த்து அதைத் திருத்தும் கைடிங் கிடையாது. டார்க் (மூடி போட்டு எடுத்து, சென்சாரின் இரைச்சலைக் கழிக்கப் பயன்படும் படங்கள்) 30, அதே ஐஎஸ்ஓ, அதே 120 விநாடி. சிரில் என்ற வானியல் பட மென்பொருளில் கழித்துப் பார்த்தால் சிவப்பு ஹாட் பிக்சல் (சூட்டால் பொய்யாக ஒளிரும் பிக்சல்) இருந்த இடங்களில் நீலப்பச்சைப் பொட்டு, நீலம் இருந்த இடங்களில் மஞ்சள் பொட்டு. நடுவே கருப்புக் குழி. கழிக்காமலே விட்டிருந்தால் படம் இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

நிறம் தலைகீழாக வந்தால் டார்க் தேவைக்கு மேல் கழிந்திருக்கிறது என்று அர்த்தம். இதை ஸ்டாக் ஆன (எல்லாப் படங்களையும் ஒன்றாக அடுக்கிச் சேர்த்த) படத்தில் தேடக்கூடாது, அங்கே எல்லாம் கலங்கிப் போயிருக்கும். கழித்து முடித்த ஒற்றை லைட்டைத் திறந்து 200 சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் பளிச்சென்று தெரியும்.

காரணம் வெப்பநிலைதான். லைட் எடுத்தது ஜவ்வாது மலையில், வெளியே 17 டிகிரி. டார்க் எடுத்தது மறுநாள் வீட்டில், மின்விசிறிக்குக் கீழே, 31 டிகிரி. படக்கோப்பில் பதிந்த விவரங்களைக் காட்டும் எக்ஸிஃப்டூலில் கேமரா வெப்பநிலை என்ற வரியைப் பார்த்தால் லைட்டுகள் 23-ல் தொடங்கி பத்தாவது படத்துக்குள் 27-க்கு ஏறி அங்கேயே நிற்கின்றன. டார்க்குகள் எல்லாம் 36, 37. டார்க் கரண்ட், அதாவது வெளிச்சமே இல்லாமல் சூட்டால் சென்சாரில் சேரும் சிக்னல், சுமார் 6 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். 10 டிகிரி வித்தியாசம் என்றால் மூன்று மடங்குக்கும் மேல். ஒரு ஹாட் பிக்சல் லைட்டில் 600 எண் கூடுதலாகக் காட்டுகிறது, வானப் பின்புலம் 900 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் மொத்தம் 1500. வீட்டு டார்க்கில் அதே பிக்சல் 1900 காட்டும். கழித்தால் 900 வர வேண்டிய இடத்தில் மைனஸ் 400. அதுதான் குழி. டிபேயர் (பிக்சலுக்கு ஒரு நிறமாகப் பதிந்ததை முழு நிறப் படமாக்குவது) செய்யும்போது இந்த ஒற்றைப் பிக்சல் குழி பக்கத்துப் பிக்சல்களிலும் கசிந்து நிறப் பொட்டாகிவிடுகிறது.

டார்க் ஆப்டிமைசேஷனைத் தட்டிவிட்டால் மென்பொருளே விகிதம் பார்த்துக் குறைத்துக்கொள்ளாதா என்று அதையும் முயன்றாயிற்று. பயாஸ் (மூடி போட்டு மிகக் குறைந்த நேரத்தில் எடுத்த படம்) கொடுத்தால்தான் அது வேலை செய்யும், கொடுத்தாயிற்று. சாதாரணப் பிக்சல்களுக்கு ஓரளவு சரி. ஆனால் ஹாட் பிக்சல்கள் எல்லாம் ஒரே விகிதத்தில் சூடேறுவதில்லை. மொத்தப் படத்துக்கும் ஒரே பெருக்கல் எண் போட்டால் பாதி குழியாகவும் பாதி மிச்சமாகவும் நிற்கும். ஆம்ப் க்ளோ (மின்சுற்றுச் சூட்டால் படத்தின் ஓரத்தில் தெரியும் ஒளி) உள்ள சென்சார் என்றால் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

வழிக்கு வந்தது இப்படி: டார்க்கை மலையிலேயே எடுப்பது. கடைசி லைட் முடிந்ததும் லைவ் வியூவைத் தொடாமல், படங்களைத் தானாக எடுக்கவைக்கும் இன்டர்வலோமீட்டரை நிறுத்தாமல், மூடியைப் போட்டுவிட்டுச் சாமான்களைக் கட்டத் தொடங்கலாம். 20 டார்க்குக்கு 40 நிமிடம். வியூஃபைண்டரையும் மூட வேண்டும். கேமரா வாரில் தொங்கும் ரப்பர் மூடி அதற்குத்தான், டார்ச் வெளிச்சம் அந்த வழியாகவும் உள்ளே போகும். லென்ஸ் மூடி மேல் அலுமினியத் தாள் சுற்றிவிட்டால் நிம்மதி. கேமராவுக்குள் இருக்கும் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் கேமராவே ஒரு டார்க் எடுத்து, பாதி இரவு அதற்கே போய்விடும்.

மாஸ்டர் டார்க் (எல்லா டார்க்கும் சேர்ந்த ஒரே படம்) செய்யும்போது, விலகி நிற்கும் மதிப்புகளை நீக்க சிக்மா 3, 3 ரிஜெக்‌ஷன் வைக்கலாம். ஆனால் நார்மலைசேஷன் (படங்களின் பின்புல அளவைச் சமன் செய்வது) கூடவே கூடாது. லைட்டுக்கு வைத்த அமைப்பை அப்படியே டார்க்குக்கும் விட்டுவிடுவது பலருக்கு நடக்கிறது. பிறகு கெட்ட பிக்சல்களை நிரப்பும் காஸ்மெட்டிக் கரெக்‌ஷனை மாஸ்டர் டார்க்கை வைத்துச் செய்து, சிஎஃப்ஏ (இன்னும் டிபேயர் ஆகாத படம்) பெட்டியை டிக் செய்ய வேண்டும். முழுதாக நிறைந்துபோன பிக்சலில் கழிக்க ஒன்றுமே இல்லை, அதைப் பக்கத்துப் பிக்சல்களை வைத்து நிரப்பத்தான் முடியும். ஹாட் பிக்சலைத் தேடும் வரம்பான ஹாட் சிக்மாவை 3 வைத்தால் தேவையில்லாமல் நிறையப் பிக்சல்களைத் தொடுகிறது, 5 போதுமாக இருந்தது.

இதற்குப் பிறகும் மிஞ்சுவதை டிதரிங், அதாவது படங்களுக்கு நடுவே சட்டகத்தைச் சற்று நகர்த்துவது, பார்த்துக்கொள்ளும். 600டியின் பிக்சல் 4.3 மைக்ரான், 200 மிமீ லென்ஸில் பிக்சலுக்கு 4.4 ஆர்க்செகண்ட். வானம் விநாடிக்கு 15 ஆர்க்செகண்ட் நகர்கிறது. ஓரியன் வான நடுக்கோட்டுப் பக்கம்தான் என்பதால் டிராக்கரை 3 விநாடி நிறுத்தினால் ஏறக்குறைய 10 பிக்சல் நகர்ந்துவிடும். மூன்று படத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் 45 படத்துக்கு 15 இடங்கள். எல்லாம் ஒரே கோட்டில் விழும் என்பதால் நடுநடுவே வடக்கு-தெற்காக நகர்த்தும் டெக்ளினேஷன் திருகையும் ஒரு மயிரிழை திருப்பலாம். இது இல்லாவிட்டால் டிராக்கரின் அச்சு வான துருவத்தைச் சரியாக நோக்காத போலார் அலைன்மென்ட் பிழையால் படம் மெல்ல நகர்ந்து, மிச்சமிருக்கும் புள்ளிகள் சாய்மழை மாதிரிக் கோடு இழுக்கும். எத்தனை டார்க் போட்டாலும் அது போகாது.

பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. லைட்டோடு டார்க்கும் சேர்ந்தால் கேமராவின் எல்பி-இ8 பேட்டரி ஒன்று போதாது, நடுவில் மாற்றினால் சென்சார் ஆறிவிடும். இணையத்தில் வாங்கிய டம்மி பேட்டரியில் (வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க பேட்டரி இடத்தில் மாட்டுவது) ஒயர் பற்றவைத்த இடம் இரண்டாம் இரவே விட்டுப்போனது. திரும்பச் சூடுவைத்து, சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய, வோல்ட்டைக் குறைக்கும் பக் கன்வெர்ட்டரை 7.4 வோல்ட்டுக்குத் திருப்பி, மல்டிமீட்டரில் பார்த்த பிறகே கேமராவில் மாட்டியாயிற்று. 12 வோல்ட் பேட்டரியில் இப்போது இரவு முழுக்க ஓடுகிறது.

அடுத்தது டார்க் நூலகம், அதாவது வெப்பநிலை வாரியாகச் சேர்த்துவைக்கும் டார்க்குகள். கேமராவை சிலிக்கா ஜெல்லோடு ஜிப் பையில் போட்டு, ஃபிரிட்ஜில் குளிர வைத்து, வெளியே எடுத்துப் பையைத் திறக்காமலே 120 விநாடி டார்க்குகள் ஓடவிடுவது. அறைச் சூட்டில் அது மெல்ல ஏறும்போது எக்ஸிஃப் எண்ணைப் பார்த்து 2 டிகிரிக்கு ஒரு ஃபோல்டர். ஒரு ஓட்டத்தில் ஒரு ஃபோல்டருக்கு நான்கைந்துதான் தேறுகிறது, ஆக ஐந்தாறு முறை ஓட்ட வேண்டும். 24, 26 நிறைந்தாயிற்று. 22-ல் இன்னும் எட்டு குறைகிறது. குளிரூட்டிய ஏஎஸ்ஐ533 வானியல் கேமரா வாங்கினால் இந்தப் பாடே இல்லை, வெளிச்சூட்டைவிட 35 டிகிரி கீழே இறக்கி அங்கேயே நிறுத்தலாம். ஆனால் மூலை இருட்டைச் சரிசெய்ய, சீரான வெளிச்சத்தைப் பார்த்து எடுக்கும் ஃபிளாட்டே இன்னும் எடுக்கவில்லை, லென்ஸ் மூலை இருட்டு அப்படியே கிடக்கிறது.