அவுன்சா, டிராமா? கைதிக் கப்பல் சர்ஜன் ஜர்னலில் ஒருவழியாகப் பிடிபட்ட குறி

லண்டன் கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் ADM 101 வரிசை, அதாவது கடற்படை சர்ஜன்களின் மருத்துவ ஜர்னல்கள். 1830களில் சிட்னிக்குக் கைதிகளை ஏற்றிப்போன கப்பலின் ஜர்னல். அதைப் படித்து எழுதும்போது மூன்று வாரமாக இழுத்தடித்தது ஒரே குறிதான்: மருந்தின் அளவு அவுன்சா டிராமா என்று காட்டும் குறி. அச்சில் டிராமின் குறி 3 என்ற எண்ணைப் போல இருக்கும். அவுன்சுக்குத் தலையில் ஒரு கொக்கி கூடுதல். அவசரக் கையெழுத்தில் அந்தக் கொக்கி மழுங்கிவிடும். ஒரு அவுன்சுக்கு 8 டிராம்; தப்பாகப் படித்தால் மருந்து எட்டு மடங்கு மாறிப்போகும்.

அளவை வைத்து ஊகிக்கலாம் என்பது அபின் டிங்சருக்குச் சரிவரும்: அவுன்சு கொடுத்தால் ஆள் பிழைக்க மாட்டான். எப்சம் உப்பில் சரிவராது. ஒரே வேளையில் வயிறு கழிய அவுன்சுக் கணக்கு, கலவையில் பிரித்துக் கொடுக்க டிராம் கணக்கு, இரண்டும் வழக்கம்தான். அப்படி ஊகித்து எழுதிய 14 பக்கமும் வீண்.

கைகொடுத்தது ரத்தம் எடுத்த வரிகள். ரத்தத்தை அவுன்சில்தான் எழுதுவார்கள்: 12, 16, 20. அந்த வரிகளை மட்டும் தேடி, குறியை வெட்டி ஒரே படத்தில் வரிசையாக ஒட்டுங்கள். பதினைந்து சேர்ந்தால் போதும். இந்த சர்ஜனின் பேனா அவுன்சுக்கு இடப்பக்கம் ஒரு சொடுக்கு விட்டுத் தொடங்குகிறது. டிராமுக்கு நேரே இறங்குகிறது. அந்தச் சொடுக்கு மயிரிழைதான். ஜிம்ப் (GIMP) என்ற படத் திருத்த மென்பொருளில் நீலச் சேனலை மட்டும் வைத்தால் வெளிறிய பழுப்பு மை கறுத்துத் தெரியும். சிவப்பில் மறைந்தே போகும். தாளின் மஞ்சள் கறையும் நீலத்தில் கறுக்கும், அதனால் கறை படிந்த ஓரங்களுக்கு மூலப் படமே மேல். வெளியே வாங்கிய கறுப்பு வெள்ளை ஸ்கேன் இதற்கு உதவவே இல்லை, அதற்குக் கொடுத்த காசு தண்டம். வாசிப்பறையில் சொந்தக் கேமராவுக்குக் கட்டணம் கிடையாது. ஃபிளாஷ் மட்டும் கூடாது.

ரோமன் எண்ணில் கோடுகள் ஒட்டிக்கொண்டால் மேலேயுள்ள புள்ளிகளை எண்ணுங்கள், இரண்டா மூன்றா என்று தெரிந்துவிடும்.

கடைசிப் பக்கத்து நோய் வகை அட்டவணை இன்னும் முடியவில்லை. அதன் கூட்டுத்தொகை ஜர்னலில் விவரித்த நோயாளிகளைவிட அதிகம் வரும். அது பிழையல்ல: ஜர்னலில் முக்கியமான நோயாளிகளைத்தான் விரித்து எழுதுவார்கள், அட்டவணையில் எல்லோரும் உண்டு. இரண்டையும் ஒரே ஷீட்டில் கலக்காதீர்கள்.

அடுத்து, புயலில் கீழ்த்தளத்து மூடிகள் அடைத்துக் கிடந்த நாட்களைச் சளி, பேதி தேதிகளோடு பொருத்திப் பார்க்க வேண்டும். கைதிக் கப்பல்களுக்குக் காற்றோட்டமும் கடற்படை சர்ஜனும் வேண்டும் என்று சிட்னி மருத்துவர் வில்லியம் ரெட்ஃபெர்ன் 1814இலேயே எழுதினார். தேதிப் பத்தியில் 31 நாள் ஏற்றியாயிற்று.