என் காலடியால் அளந்த 20 மீற்றர்

போன வருடம் முதலாம் தவணையில் எங்கள் தரம் 8 பிள்ளைகள் ‘பீப்’ ஓட்டச் சோதனையில் நன்றாக ஓடினார்கள். இரண்டாம் தவணையில் ஏறக்குறைய முழு வகுப்புமே ஒரேயடியாகக் கீழே போய்விட்டது. ரியூசன், போன், கொத்துரொட்டி என்று ஒரு பாட்டம் ஏசித் தீர்த்தேன். அந்தப் பேச்சை இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

நான் வலிகாமத்துப் பக்கம் ஒரு பாடசாலையில் உடற்கல்வி ரீச்சர். எங்களுக்கு வருடத்தில் பெரிய நாள் இல்ல விளையாட்டுப் போட்டி. ஓடக்கூடிய பத்துப் பேரைப் பொறுக்கி எடுப்போம், மிச்சப் பிள்ளைகள் இல்லக் கூடாரத்தில் இருந்து கை தட்டுவார்கள். ஆனால் 100 மீற்றரில் முதலாவதாக வரும் பிள்ளையிடம் இருப்பது வேகம். இதயமும் நுரையீரலும் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை அந்தப் பதினைந்து செக்கன் சொல்லாது. கூடாரத்தில் இருக்கிற பிள்ளைகளின் உடற்தகைமையை அறியத்தான் ‘பீப்’ ஓட்டத்தைத் தொடங்கினேன்.

கனடாவின் மொன்றியலில் லூக் லெஜே என்ற ஆய்வாளர் 1980களின் தொடக்கத்தில் வடிவமைத்த சோதனை அது. 20 மீற்றர் இடைவெளியில் இரண்டு கோடு. பீப் ஒலிக்கும்போது அடுத்த கோட்டில் நிற்க வேண்டும். மணிக்கு 8.5 கிலோமீற்றர் வேகத்தில் தொடங்கி, நிமிடத்துக்கு ஒருதரம் 0.5 கூடும். ஒவ்வொரு நிமிடமும் ஒரு கட்டம், எத்தனையாம் கட்டம் வரை தாங்கினார்களோ அதைத்தான் எழுதுவேன். அடுத்தடுத்து இரண்டு தரம் கோட்டுக்குப் பிந்தினால் வெளியே. ஒரு போனும் ஸ்பீக்கரும் இரண்டு கல்லும் போதும். கிளித்தட்டு விளையாடும் பிள்ளைகள் இதில் தனியாகத் தெரிவார்கள். மற்றவர்கள் கோட்டடியில் வட்டம் போட்டுத் திரும்ப, இவர்கள் ஒரு காலை ஊன்றி வெட்டித் திரும்பி, அந்த இடத்திலேயே ஒரு மூச்சை மிச்சம் பிடித்துவிடுவார்கள்.

நான் வகுப்பை ஏசி ஒரு கிழமையில் ஒரு பிள்ளையின் அம்மா வந்தார். “ரீச்சர், போன தவணை அஞ்சு எண்டு எழுதியிருந்தியள், இப்ப நாலு எண்டு கிடக்கு. முந்தி தேப்பனோட மோட்டார் சைக்கிள்ல வந்தவள், சித்திரை லீவுக்குப் பிறகு தானே சைக்கிள் உழக்கித்தான் வாறாள். உழக்கிற பிள்ளைக்கு எப்பிடிக் குறையும்?”

என்னிடம் பதில் இல்லை. வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன். வைகாசி வெயில் ஓட்டத்தைக் குறைப்பது உண்மைதான். ஆனால் இரண்டு தரமும் காலைப் பிரார்த்தனை முடிந்த கையோடுதான் ஓடவிட்டேன்.

அவர் போன பிறகுதான் கல் ஞாபகம் வந்தது. முதலாம் தவணையில் தூரத்தை எட்டு வைத்து அளந்திருந்தேன். என் ஒரு எட்டு 80 சென்ரிமீற்றர், 25 எட்டு வைத்தால் 20 மீற்றர். இரண்டாம் தவணையில் வகுப்பறை திருத்த வந்த மேசனிடம் நீளமான ரேப் இருந்தது, அதை வாங்கி அளந்து புதுக் கல் வைத்தேன். பழைய கற்கள் வேம்படியில் சிவப்பு மண்ணுக்குள் பாதி புதைந்து கிடந்தன. ரேப்பைப் பிடித்துப் பார்த்தேன். 18.4 மீற்றர்.

அந்த 80 சென்ரிமீற்றர், பயிற்சிக்குப் போன காலத்தில் அளந்தது. இருபது வருடமும் ஒரு முழங்கால் நோவும் சேர்ந்து என் எட்டை 74க்கும் கீழே கொண்டுவந்திருக்கிறது. பிள்ளைகளை அளக்கப் போய் என் உடற்தகைமைதான் அகப்பட்டது.

அன்று பின்னேரம் கணக்குப் போட்டேன். 5ஆம் கட்டத்தில் பீப் கேட்கும் வேகம் மணிக்கு 10.5 கிலோமீற்றர். 18.4 மீற்றரில் அதே பீப்புக்கு ஓடினால் உண்மை வேகம் 9.7கூட இல்லை, கிட்டத்தட்ட 3ஆம் கட்டம். இப்போது சரியான 20 மீற்றரில் அவள் எடுத்தது 4. அதாவது அந்தப் பிள்ளை முன்னேறியிருக்கிறாள். முன்னேறிய பிள்ளையை நிற்க வைத்து ஏசியிருக்கிறேன். அடுத்த நாள் வகுப்பில் ரேப்பைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். ஒருத்தி, “அப்ப கொத்துரொட்டி சாப்பிடலாமோ ரீச்சர்?” என்றாள்.

மற்றச் சோதனைகளும் செய்கிறேன். நின்ற இடத்திலிருந்து நீளம் பாய்தல், காலை நீட்டி இருந்து குனிந்து எட்டுதல். எட்டுதலில் கால் நீண்ட பிள்ளைக்கு நட்டம், உடம்பு வளையாததால் மட்டும் கை குறைவதில்லை. இந்த வயதில் காலும் கையும் வேறு வேறு வேகத்தில் வளரும். உயரத்துக்கு ஏற்ற நிறையா என்று காட்டும் உடற்திணிவுச் சுட்டியை (BMI) பெரியவர்களின் 25 என்ற கோட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது, வயதுக்கும் ஆண் பெண்ணுக்கும் ஏற்ற வளர்ச்சி வரைபில்தான் பார்க்க வேண்டும். நிறையை நான் சத்தமாக வாசிப்பதில்லை. முன்பு வாசித்தேன். ஒரு பிள்ளை அதற்குப் பிறகு இரண்டு கிழமை உடற்கல்விப் பாடத்துக்கே வரவில்லை.

5 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்கும் அசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ரியூசனுக்குச் சைக்கிள் உழக்குவதும் அதில் சேரும். பெற்றோர் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

அதிபரிடம் 30 மீற்றர் ரேப் ஒன்று கேட்டு வாங்கிவிட்டேன். சைக்கிள்காரிதான் இப்போது அதன் மறுநுனியைப் பிடிக்கிறாள். போன தரம் நான் கல்லை வைத்துவிட்டு நிமிர, “பொறுங்கோ ரீச்சர், ரேப் தொய்ஞ்சு கிடக்கு” என்று இழுத்துப் பிடித்தாள். கல்லை இரண்டு விரற்கடை தள்ளி வைத்தோம்.