முகவரி தெரியாத எதிர்மனுதாரர்

குடும்ப நல நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்ட உதவி மையத்தில் தன்னார்வலராகப் பணியாற்றும் எனக்கு ஒரு கேள்வி நன்கு பழகிவிட்டது. பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது போன கணவர் திரும்பவே இல்லை, அவருக்குப் பிள்ளைமீது எந்த உரிமையும் கிடையாது என்று நீதிமன்றத்தில் எழுதி வாங்க முடியுமா, வக்கீல் வைக்க வசதியில்லை என்று தாய்மார்கள் கேட்பார்கள். அவர்கள் நினைக்கும் வடிவில் அப்படியொரு மனு நம் நாட்டில் இல்லை. 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர்கள் மற்றும் பாதுகாக்கப்படுவோர் சட்டத்தின்கீழ், தாயைப் பாதுகாவலராக நியமிக்கவோ அறிவிக்கவோ கோரலாம். அதனால் தந்தையின் ஜீவனாம்சக் கடமையோ பிள்ளையின் வாரிசுரிமையோ அற்றுப்போவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவேன்.

வக்கீல் இல்லாமல் வழக்கு நடத்தலாமா என்றால், தாராளமாக நடத்தலாம். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, அங்கே வழக்கறிஞர் வைத்து வாதாடுவதையே எவரும் உரிமையாகக் கோர முடியாது.

கடினம் மனுவை எழுதுவதில்தான் தொடங்குகிறது. ஒரு தாய் கொண்டுவந்த மனுவில் கணவரின் குடியும் கடனும் பக்கம் பக்கமாக இருந்தன. மகளைப் பற்றிக் கடைசியில் ஒரே ஒரு வரி. அவருடைய கோபம் முற்றிலும் நியாயமானது, ஆனால் பாதுகாவலர்கள் சட்டத்தின் 17ஆம் பிரிவின்கீழ் நீதிபதி முதன்மையாகப் பார்க்க வேண்டியது பிள்ளையின் நலனை. "காய்ச்சல் வந்தா பாப்பாவை யாரும்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டேன். "நான்தான் மேடம், வேற யாரு இருக்கா?" என்றார். பிறகு அவருடைய பையிலிருந்து தடுப்பூசி அட்டையும், பள்ளிக் கட்டண ரசீதுகளும், பெற்றோர் கையொப்பத்துக்கான கட்டங்களில் எல்லாம் அவர் ஒருவரே கையெழுத்திட்டிருந்த மதிப்பெண் அட்டையும் வெளியே வந்தன. அவற்றை வைத்துக்கொண்டு மனுவை முதலிலிருந்து எழுதினோம்.

பாதுகாவலராக இருக்கச் சம்மதம் என்ற உறுதிமொழியைக் குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையொப்பத்துடன் இணைக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 10ஆம் பிரிவு. பிள்ளையின் நெருங்கிய உறவினர்கள் யார், எங்கே வசிக்கிறார்கள் என்பதையும் அது கேட்கிறது. தந்தைவழிப் பாட்டி தாத்தாவின் பெயரை எழுதப் பலருக்கும் மனம் வருவதில்லை. எழுதத்தான் வேண்டும்.

இருக்குமிடம் தெரியாதவருக்கு அழைப்பாணை சேர்ப்பிப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை. அழைப்பாணை அனுப்புவதற்கான கட்டணமான பேட்டாவைக் கட்டி, கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு அனுப்பி, "மேற்படி விலாசத்தில் இல்லை" என்ற குறிப்புடன் அது திரும்பிய பிறகு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 5, விதி 20இன்கீழ் நாளிதழில் விளம்பரம் செய்ய அனுமதி கோர வேண்டும். திருமணமாகாத தாய் ஒருவரின் வழக்கில், தந்தைக்கு அறிவிப்பு அனுப்பத் தேவையில்லை என்று 2015இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மணமான பெண்கள் அதைத் தங்களுக்கும் பொருந்துவதாக எடுத்துக்கொண்டு வரும்போது, பொறுமையாக விளக்குவேன். உச்ச நீதிமன்றத்தின் 1999ஆம் ஆண்டு கீதா ஹரிஹரன் தீர்ப்புதான் அவர்களுக்குக் கைகொடுக்கும். தந்தை உயிரோடு இருந்தும் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டிருந்தால், தாயே இயற்கைப் பாதுகாவலராகச் செயல்படலாம் என்பதற்கு அது வழிவிட்டது.

தந்தை திடீரென்று ஆஜராகி எதிர்த்தால் தனியாக நிற்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு, வருமான வரம்பின்றி எல்லாப் பெண்களுக்கும் இலவச வழக்கறிஞரைக் கோரும் தகுதியைத் தருகிறது. அதைக் கேட்டுப் பெறுவதில் கூச்சப்பட எதுவுமே இல்லை. தந்தை வராமல் ஒருதலைப்பட்சமாக உத்தரவு கிடைத்துவிட்டாலும், திரும்பி வந்த தபால் உறைகளின் நகல்களையும், அழைப்பாணையை நேரில் கொண்டுசெல்லும் நீதிமன்ற ஊழியரான அமீனாவின் அறிக்கை நகலையும், விளம்பரம் வெளியான நாளிதழையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்வேன். எனக்குத் தகவலே வரவில்லை, உத்தரவை ரத்து செய்யுங்கள் என்று அவர் பின்னொரு நாள் மனுச் செய்தால், அதற்குப் பதில் சொல்லப்போவது அந்தக் காகிதங்கள்தான்.