அங்கே யார் ஓட்டுப் போடுகிறார்கள்?

"ஜெர்மன்காரனுக்கு என்ன தம்பி ஆச்சு?"

சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் பக்கத்து மேசை அண்ணன், கைப்பேசியில் செய்தி பார்த்தபடி கேட்டார். முன்னால் இருந்த தே ஹாலியாவில் (இஞ்சி போட்ட பால் தேநீர்) ஆடை படிந்துவிட்டது, கவனிக்கவில்லை. அடுத்த மூச்சிலேயே, "இங்கயும் வேலையெல்லாம் புதுசா வந்தவங்களுக்குத்தான்" என்றார். அவரே தொண்ணூறுகளில் வந்தவர்!

அவர் பார்த்தது ஏஎஃப்டி பற்றிய செய்தி. வெளிநாட்டவர் குடியேறுவதை எதிர்க்கும் ஜெர்மன் கட்சி அது. 2013 தேர்தலில் 4.7 சதவீதம் வாங்கி, 5 சதவீத வரம்பைத் தாண்ட முடியாமல் நாடாளுமன்றத்துக்கு வெளியே நின்றது. 2025இல் 20.8 சதவீதம். இரண்டாம் இடம்.

எனக்கு உறுத்துவது வேறு. அந்த ஓட்டு அதிகம் குவிவது கிழக்கு ஜெர்மனியில். மேற்கைவிட வெளிநாட்டவர் குறைவாக இருக்கும் பகுதி அது! 1990இல் கிழக்கும் மேற்கும் ஒரே நாடாக இணைந்த பிறகு அங்கே ஆலைகள் மூடின, இளைஞர்கள் பிழைப்பு தேடி மேற்கே போய்விட்டார்கள். கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் பழி விழுவது, ஆலையை மூடாத ஆள்மீது.

நம் ஊரில் 1988 முதல் குழுத்தொகுதி முறை: சில தொகுதிகளில் வேட்பாளர்கள் குழுவாகப் போட்டியிட வேண்டும், அதில் சிறுபான்மை இனத்தவர் ஒருவராவது இருக்க வேண்டும். அங்கே எந்தக் கட்சியும் ஒரே இனத்தாரை மட்டும் நிறுத்த முடியாது. நல்ல ஏற்பாடுதான் (குறை சொல்பவர்களிடமும் கொஞ்சம் நியாயம் உண்டு). ஆனால் அது இனத்தைத்தான் பார்க்கிறது, யார் எப்போது வந்தார்கள் என்பதை அல்ல. 'புதுசா வந்தவங்க' என்ற முணுமுணுப்பு எல்லா இனத்திலும் கேட்கிறது, தமிழில் உட்பட.