சுவாமிகள் எழுதிய பாட்டும் பெரியப்பாவின் ஆர்மோனியமும்

மே 18

நேற்று ராத்திரி எங்கள் ஊர்க் கோயில் பொங்கலுக்கு வள்ளி திருமணம் நாடகம். பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தது, முடியும்போது விடிந்துவிட்டது. கண் எரிகிறது, ஆனாலும் இதை இன்றே எழுதிவிட வேண்டும். முருகனாக வந்த ராஜபார்ட் புதுக்கோட்டைக்காரர், வள்ளி திண்டுக்கல் அம்மா, ஆர்மோனியம் எங்கள் பெரியப்பா. மூன்று பேரும் எட்டு மணிக்குத்தான் கொட்டகைக்குப் பின்னால் சந்தித்தார்கள். ஒத்திகை என்ற பேச்சே இல்லை, "என்ன கட்டை?" என்று பெரியப்பா சுருதியைக் கேட்டதோடு சரி. அப்புறம் தினைப்புனத்தில் முருகனுக்கும் வள்ளிக்கும் நடக்கிற தர்க்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது, ஒருவர் விட்ட அடியை மற்றவர் பிடித்துக்கொண்டே வந்தார், ஒரு சொல் கீழே விழவில்லை. இரண்டு பேருமே இந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டில் வளர்ந்தவர்கள், அதனால்தான். அவர் இறந்து நூறு வருஷம் தாண்டிவிட்டது.

மே 19

தூங்கி எழுந்து பெரியப்பாவிடம் சுவாமிகளைப் பற்றிக் கேட்டேன். 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். உப்பளத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் 24 வயதில் நாடகத்துக்கு வந்துவிட்டார். அதற்கு முன்பே தண்டபாணி சுவாமிகள் என்ற புலவரிடம் யாப்பு படித்திருந்தார், எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. வெண்பா, விருத்தம், சிந்து, வண்ணம் என்று படித்த எல்லாவற்றையும் மேடைக்குக் கொண்டுவந்து, திருக்குறளையும் நாலடியாரையும் படிக்காத சனத்தின் காதுக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தக் காலத்து நாடகத்தில் பாட்டு மட்டும்தான் எழுதியிருக்கும், வசனத்தை நடிகர்கள் வாய்க்கு வந்தபடி பேசுவார்கள். அவர் இரண்டையும் எழுதிக் கொடுத்தார்.

மே 23

முதலில் சுவாமிகளும் நடிகர்தானாம். எமன், இராவணன், சனீஸ்வரன் என்று பயமுறுத்துகிற வேஷங்கள். ஒரு விடியற்காலையில் சனீஸ்வரன் வேஷத்தோடு அவரைப் பார்த்த ஒரு பெண் அதிர்ச்சியில் இறந்துபோனதாகவும், அன்றோடு அவர் வேஷம் கட்டுவதை விட்டுவிட்டதாகவும் நாடகக்காரர்கள் சொல்வார்கள். பெரியப்பா இதைச் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

ஜூன் 2

பக்கத்து ஊரில் நாடகம். விழாக் கமிட்டியார் தர்க்கத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள், நேரமாகிறதாம். எனக்கு வயிறு எரிந்தது. தர்க்கத்தை வெட்டினால் வள்ளி திருமணத்தில் வேறு என்னதான் இருக்கிறது?

திரும்பி வரும்போது வேனில் பெரியப்பா 1918ஆம் வருஷத்துப் பேச்சை எடுத்தார். மதுரையில் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற நாடகக் கம்பெனியைத் தொடங்கிய வருஷம் அது. எல்லாம் சின்னப் பையன்கள், டி.கே.எஸ். சகோதரர்களும் அதில் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான டி.கே. சண்முகத்துக்காக அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார் சுவாமிகள்! எந்தப் பையன் எவ்வளவு மூச்சுப் பிடிப்பான் என்று தெரிந்த வாத்தியார் எழுதிய பாட்டு. மைக் இல்லாத காலம், கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்க வேண்டும். முக்கியமான சொல் நெடிலில் போய் நிற்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன், பெரியப்பாவும் தலையாட்டினார். சுவாமிகள் பெயரில் அறுபதுக்கு மேல் நாடகங்கள் சொல்கிறார்கள், அவற்றில் பல இன்று நம் கையில் இல்லை. நினைத்தாலே வலிக்கிறது.

ஜூன் 15

பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு புதுச்சேரி போய் வந்தேன். கடைசிக் காலத்தில் சுவாமிகளை வாதம் தாக்கிப் பேச்சு போய்விட்டது. அத்தனை பேருக்கு வசனம் எழுதியவர் பேச முடியாமல் கம்பெனியோடு ஊர் ஊராகப் போயிருக்கிறார். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில்தான் இறந்தார். கருவடிக்குப்பத்தில் சமாதி. பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நாரதர் வருகைப் பாட்டை மெதுவாக முணுமுணுத்தார்.

பஸ்ஸில் நோட்டை எடுத்து, அவருக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் சொல்லச் சொன்னேன். விழுப்புரம் வருவதற்குள் மூன்று முடிந்தது. நான்காவதில் ஒரு அடி அவருக்கு வரவில்லை. திண்டுக்கல் அம்மாவுக்குப் போன் போட்டார். அடுப்படியில் இருந்தார் போலிருக்கிறது, பின்னால் குக்கர் சத்தம். ஒரு நொடி யோசிக்கவில்லை, அப்படியே பாடிக் காட்டினார்.